வெந்திமிலியாவில் திரும்பியவன்

இத்தாலியில் பலெர்மோ நகரத்துத் தமிழ்ச் சனம் செலஸ்ரீனாவுக்கு வைத்த பட்டப்பெயர் ‘அமெரிக்கன் அக்கா’. அவள் அமெரிக்காவைக் கண்ணால் கண்டவளில்லை. மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். முப்பத்தைந்து வயதை எட்டும் நேரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், ஒரு பழைய மாடிவீட்டின் மூன்றாம் தட்டில், ஓர் அமெரிக்க மூதாட்டியைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் சனம் கூடி நின்று வாடகையையும் வதிவிடப் பத்திரத்தையும் ஊர்ச் சண்டையையும் கதைக்கும்போது, இவள் வாஷிங்டனில் வரி ஏறப்போகிறதே என்று கவலைப்படுவாள். கேட்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

சிரிக்கிறார்களே என்று அவள் கூசியதில்லை. அந்தக் கருத்துகள் யாரும் காதில் ஓதி வந்தவை அல்ல. எழுபதுகளில், அரிசி முதல் சீத்தைத்துணி வரை அரசாங்கமே பங்கிட்டுக் கொடுத்த காலத்தில், அவளுடைய அப்பா பேசாலைக் கரையில் கருவாடு காயவைக்கும் வாடி ஒன்று வைத்திருந்தார். உப்புக்கு ஒரு பெர்மிட், லொறிக்கு ஒரு பெர்மிட், கொழும்புக்கு அனுப்ப இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கவேண்டும். பள்ளிக்கூடம் போகுமுன் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் செலஸ்ரீனா. ஒருநாள் அப்பா வாடியை ஒரேயடியாக மூடினார். கைகால் கழுவிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே படுத்துவிட்டார். அரசாங்கம் கையை எடுத்தால் மனிதன் தன் கையை ஊன்றி எழும்புவான் என்பது அன்றிலிருந்து அவளுக்கு வேதம்.

அவள் ‘சிஞ்ஞோரா’, அதாவது அம்மா, என்று அழைத்த அந்த மூதாட்டி ஹாரியற் இந்தியானா மாநிலத்துக்காரி. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரான்சுக்குப் படிக்கப் போனவர், அங்கே எலுமிச்சை ஏற்றுமதி செய்துவந்த ஒரு பலெர்மோக்காரரைக் கண்டு, கல்யாணம் முடித்து, இங்கேயே தங்கிவிட்டார். கணவர் செத்துக் கனகாலம். பிள்ளைகள் இல்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தியானாவிலிருந்து தபாலில் வாக்குச்சீட்டு வரும். ஒவ்வொரு முறையும் குடியரசுக் கட்சிக்கே போடுவார். அவருடைய கண்ணில் நடுப்பார்வை அழிந்து ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒருவருடைய முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் அவருக்குப் பக்கத்திலுள்ள வெறும் சுவரைத்தான் பார்ப்பார்.

அதனால் பத்திரிகை வாசிப்பது செலஸ்ரீனாவின் வேலையானது. சந்திக் கடையில் ஒருநாள் பிந்தி வரும் ஆங்கிலப் பத்திரிகையை வாங்கிவந்து, காலைக் கோப்பிக்குப் பிறகு வாசிப்பாள். மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலம் அவளைக் கைவிடவில்லை. இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். வரி, பள்ளிக்கூடத்தில் செபம், உழைக்காமல் உதவிப்பணம் வாங்குவது என்று பெரும்பாலானவற்றில் ஒரே கட்சி. துவக்கு, அதாவது துப்பாக்கி, விஷயத்தில் மட்டும் ஒத்துவராது. “வீட்டில் துவக்கு வைத்திருப்பது குடிமகனுடைய உரிமை” என்பார் சிஞ்ஞோரா. “வீட்டுக்கு வீடு துவக்கு வந்த ஊரிலிருந்துதான் நான் ஓடிவந்தேன்” என்பாள் இவள். சிஞ்ஞோரா சற்று நேரம் சுவரைப் பார்த்திருந்துவிட்டு, “அடுத்த பக்கம்” என்பார்.

தொண்ணூற்று நான்கு நவம்பரில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவர்களுடைய கட்சி அமெரிக்கக் காங்கிரஸின் இரண்டு சபைகளையும் பிடித்தபோது, சிஞ்ஞோரா கணவருடைய மர்சாலா வைனில் ஒரு போத்தலைத் திறக்கச் சொன்னார். அதே தேர்தலில் கலிபோர்னியாக்காரர், கடதாசி இல்லாமல் வந்தவர்களுக்கு அரசாங்கத்தின் பள்ளிக்கூடமோ வைத்தியமோ இல்லை என்று வாக்குப்போட்டிருந்தார்கள். செலஸ்ரீனா அதையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, “சரியான முடிவு” என்றாள்.

அந்த ஞாயிறு கோவில் முற்றத்திலும் அதையே சொன்னாள். பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த அருளம்பலம் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் யாழ்ப்பாணத்தான், சைவக்காரன், ஒரு உணவகத்தில் சமையல் உதவி. இடதுசாரிக் கதை பிடிக்கும். அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே சண்டை பிடிப்பான்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் இஞ்சை வந்தது எந்தச் சட்டத்திலை?”

“தப்பாத்தான் வந்தனான்.”

“பிறகேன் மற்றவன் வரக்கூடாது எண்டுறியள்?”

“தப்பா வந்தபடியாத்தான் சொல்லுறன்.”

 அவளுடைய முகம் போன போக்கைப் பார்த்து அருளம்பலம் மரக்கறிப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, “சரி அக்கா, நான் வாறன்” என்று போய்விட்டான். அவனுக்கு மாத்திரமல்ல, பலெர்மோவில் யாருக்குமே அவளுடைய கதை முழுதாகத் தெரியாது.

ஐந்து வருஷங்களுக்கு முன், எண்பத்தொன்பது ஒக்ரோபரில், அவளும் கணவன் ஜோக்கிமும் இத்தாலிக்குள் வந்து, வெந்திமிலியா என்ற எல்லைப் பட்டினத்திலிருந்து பிரான்சுக்குள் நடந்து போகப் பார்த்தார்கள். ஜோக்கிமின் தம்பி றோபேட் பாரிசில் இருந்தான். ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒருவனும், வழியில் சேர்ந்த மூன்று பேரும், இவர்கள் இரண்டு பேரும். விடியற்காலையில் கடைசி இத்தாலியக் கிராமத்துக்கு மேலே மலைப்பாதையில் ஏறினார்கள். செலஸ்ரீனாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். படிக்கட்டாக வெட்டிய ஒலிவ் தோட்டம் ஒன்றில் கால்கள் மடிந்து உட்கார்ந்தவளால் எழும்ப முடியவில்லை. ஏஜென்சிக்காரன் நிற்கமாட்டேன் என்றான்.

ஜோக்கிம் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். போகமாட்டேன் என்றுதான் சொன்னான். அவள்தான் விடவில்லை. “போங்கோ. ரெண்டு பேரும் பிடிபட்டா ரெண்டு பேரையும் திருப்பி அனுப்புவாங்கள். நான் சுகம் வந்தோண்ண பின்னாலை வாறன்.” மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் கோபமாகச் சொன்னாள். அவன் எழும்பினான். பாதை வளையும் இடத்தில் ஒரு பாறை இருந்தது. அதற்குப் பின்னால் போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தில் போகிறான் என்று நினைத்தாள்.

கீழேயிருந்த வீட்டுக்காரக் கிழவி ஒருத்தி அவளைக் கண்டு, தாங்கிப் போய்ப் படுக்கவைத்து, சூப் பருக்கினாள். நாலாம் நாள் நடக்க முடிந்ததும் வெந்திமிலியாத் தபால் கந்தோரிலிருந்து பாரிசிலிருந்த றோபேட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். மூன்று பேரும் வந்துசேர்ந்துவிட்டார்கள். ஜோக்கிம் வரவில்லை. எல்லையைத் தாண்டி, கீழே மொந்தோன் பட்டினத்தின் கூரைகள் தெரியத் தொடங்கிய இடத்தில், “அவளைக் கூட்டிக்கொண்டு வாறன்” என்று சொல்லித் திரும்பிப் போயிருக்கிறான்.

பதினொரு நாள் அவள் வெந்திமிலியா ஸ்ரேசனில் இருந்தாள். வருகிற ஒவ்வொரு ரயிலையும் பார்த்தாள். பிறகு ஒரு கன்னியாஸ்திரி, பேசாலைச் சனம் பலெர்மோவில் இருக்கிறார்கள் என்று விசாரித்தறிந்து, தெற்கே அனுப்பிவைத்தாள். அடுத்த வருஷம் வந்த பொதுமன்னிப்புச் சட்டத்தில் அவளுக்குப் பெர்மெசோ என்ற வதிவிடப் பத்திரமும் கிடைத்தது. அதில் ‘மணமானவர்’ என்று எழுதியிருந்தது.

அவனைத் தேடவில்லையா என்றால், தேடினாள் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். பதில் வருமுன் வீடு மாறினாள். புது விலாசத்தை அறிவிக்கவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். பதில் சொல்லாதவரைக்கும் அவன் அந்தப் பாறைக்குப் பின்னால் நடந்துகொண்டேயிருந்தான்.

நடந்துகொண்டும் இருந்தான். அதுதான் அவளுடைய வருத்தம். பல்லரோச் சந்தையில் மீன்காரன் கூவும் சத்தத்துக்கிடையில், “செலஸ்” என்று அவன் மட்டும் கூப்பிடும் மாதிரி ஒரு குரல் கேட்கும். திரும்புவாள், யாரோ ஒருவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பார். சிஞ்ஞோரா வீட்டு மாடிப்படியில் ஏறும்போது ஒரு தட்டுக் கீழே, அவளுடைய அடிக்கு ஒரு அடி பிந்தி, காலடி கேட்கும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். கதவைத் திறந்து உள்ளே போனபிறகும், பின்னால் ஒருவர் வரவிருப்பதுபோல், ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். சிஞ்ஞோரா ஒருமுறை தன் ஓரப்பார்வையால் அதைக் கண்டுவிட்டு, “யாரும் வந்திருக்கிறார்களா?” என்று கேட்டார். “காற்று வரட்டும் என்று” என்றாள்.

இப்படிப்பட்டவள் பிரான்சை விரும்பினாள் என்பதைத்தான் நம்பக் கடினம். ஆனால் விரும்பினாள். தொண்ணூற்று மூன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் சிஞ்ஞோரா முறையாக விசா எடுத்து அவளைப் பாரிசுக்கு விமானத்தில் கூட்டிப்போவார். தன் கட்சிக்காரர் பலர் பிரெஞ்சுக்காரரைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். “அவர்களுடைய அரசாங்கம் எனக்கு வேண்டாம், அவர்களுடைய வெண்ணெய் வேண்டும்” என்று சிரிப்பார்.

முதல் பயணத்தில் ஷார்த்ர் பேராலயத்துக்குப் போனார்கள். நிறக் கண்ணாடி யன்னல்களுக்குக் கீழே நின்று, “என்ன தெரிகிறது, சொல்லு” என்றார் சிஞ்ஞோரா. செலஸ்ரீனா சொல்லத் தொடங்கினாள். நீலம்; எந்த நீலம்? பேசாலையில் ஆடி மாதம் காற்று விழுந்த பிறகு ஆழக்கடல் இருக்குமே, அந்த நீலம். மாதாவின் மடியில் பிள்ளை. ஓரத்தில் பாண் சுடுகிறவர்கள், மீன் விற்கிறவன் ஒருவன். “மீன் விற்கிறவனா? கோவில் யன்னலிலா?” “ஓம், தராசோடு.” சொல்லச் சொல்ல அவளுக்கே ஆசை பெருகியது. இப்படி உழைக்கிறவனைக் கொண்டுபோய்க் கடவுளுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்த நாட்டை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு திசை. லுவார் ஆற்றங்கரை மாளிகைகள். பர்கண்டியில் கூடாரம் போட்டு விற்கும் ஆட்டுப்பால் சீஸ், நாற்றம் கருவாட்டை வெல்லும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் உட்காரும் வெட்கமில்லாத வழக்கம். பிரெஞ்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

ஆனால் சந்தோஷம் மிஞ்சும் கணத்தில்தான் அவன் வருவான். ஓர் ஓவியக்கூடத்தில், நீள அறையின் மறுகோடியில், முதுகு காட்டி நின்று படம் பார்த்தவனுடைய பிடரி ஜோக்கிமின் பிடரியாகவே இருந்தது. சிஞ்ஞோராவை வாங்கில் இருத்திவிட்டு அவள் ஓடினாள். அவன் திரும்பினான், யாரோ ஒரு மொரோக்கோக்காரர். “மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள், படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேயில்லை.

இரண்டாம் பயணத்தில் றோபேட்டின் வீட்டுக்கும் போனாள். பாரிசின் வடக்கில் சின்ன அறை. மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். றோபேட் அவளை ‘அண்ணி’ என்று கூப்பிடவில்லை.

“சொகுசாத்தான் வந்து போறியள் போலை” என்றான்.

“வேலைக்கு வந்தனான், தம்பி.”

“அண்ணா உங்களுக்காண்டித்தானே திரும்பினவர்.”

தேத்தண்ணியைத் தொடாமலே அவள் எழும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு போகவில்லை.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் நடுவிலிருந்த எல்லைச் சோதனை எடுபட்டது. இனி விசாவும் வேண்டாம். சிஞ்ஞோராவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. “இந்தமுறை ரயிலில் கரையோரமாகப் போவோம்” என்றார். “எலுமிச்சைக்குப் பெயர்போன ஓர் இடம் இருக்கிறது. மொந்தோன். கல்யாணத்துக்கு முந்தி என் கணவர் அங்கேதான் சரக்கு விற்க வருவார். நாலு நாள் தங்கலாம். ஹோட்டலுக்கும் எழுதிவிட்டேன்.”

செலஸ்ரீனா மறுக்கவில்லை. மறுக்க ஒரு காரணம் சொல்லவேண்டுமே.

பலெர்மோவிலிருந்து ஜெனோவாவுக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். வெந்திமிலியா ஸ்ரேசனில் ரயில் இருபது நிமிடம் நின்றது. அவள் பதினொரு நாள் உட்கார்ந்திருந்த வாங்குக்குப் பச்சை நிறம் பூசியிருந்தார்கள். அவள் யன்னல் திரையை இழுத்துவிட்டாள். பிறகு ரயில் புறப்பட்டது. குகை, வெளிச்சம், மறுபடியும் குகை. ஒருவரும் வந்து கடதாசி கேட்கவில்லை. ஒரு வாழ்க்கையை விழுங்கிய எல்லை, சிஞ்ஞோரா ஒரு தோடம்பழத்தை உரித்து முடிப்பதற்குள் கடந்துபோயிற்று.

மொந்தோனில் இறங்கினாள், பெட்டிகளை இறக்கினாள், சிஞ்ஞோராவை இறக்கினாள். நிமிர்ந்தபோது எதிரே மலை நின்றது. ஸ்ரேசன் கதவைத் தள்ளித் திறந்து சிஞ்ஞோராவை வெளியே விட்டவள், கதவைப் பிடித்தபடியே நின்றாள். நின்றுகொண்டேயிருந்தாள். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். சிஞ்ஞோரா தடியை ஊன்றித் திரும்பி வந்து, அவளுடைய கையைத் தடவிப் பிடித்துக் கதவிலிருந்து எடுத்தார். 

“யாருக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்?” என்று கேட்டார்.

ஹோட்டல் அறையில், யன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. பத்திரிகை வாசிக்கும் குரலிலேயே சொன்னாள். சிஞ்ஞோரா அவளுடைய தோளுக்கு அப்பாலிருந்த திரைச்சீலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அவர் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமாக, கடதாசி இல்லாமல் வருகிறவர்களைப் பற்றிய செய்திகளையெல்லாம் உன்னையே வாசிக்கவைத்தேனே.”

“எனக்கு அதெல்லாம் சரியென்றுதான் பட்டது, சிஞ்ஞோரா. இப்போதும் சரியென்றுதான் படுகிறது. நாங்கள் அந்தப் பாதையில் ஏறியிருக்கக் கூடாது.”

“எனக்கும் அப்படித்தான் படுகிறது” என்றார் சிஞ்ஞோரா.  பிறகு, “என்னுடைய சப்பாத்தை எடு. நகரசபை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கீழே கேள்” என்றார்.

செலஸ்ரீனா அசையவில்லை. “பயமாக இருக்கிறது.”

“தெரியும். சப்பாத்தை எடு.”

நகரசபையில் இருந்த பெண் உத்தியோகத்தருக்கு ஐம்பது வயதிருக்கும். சிஞ்ஞோராவின் பழைய காலத்துப் பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்டார். எண்பத்தொன்பது ஒக்ரோபர் என்றதும் ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரலால் தேடிப் போய் ஓரிடத்தில் நின்றார். எங்கோ தொலைபேசி எடுத்துக் கதைத்துவிட்டு, நாளைக் காலை வரச்சொன்னார். மறுநாள் மேசையில் ஒரு மெல்லிய கோப்பு இருந்தது.

மலைச்சரிவில், பாதைக்கு முப்பது மீற்றர் கீழே, பொழுது சாயும் நேரத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆண். வயது முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில். விழுந்ததால் மரணம். அடையாளப் பத்திரம் இல்லை. ஒரு காலில் மட்டும் சப்பாத்து. சட்டைக்குள் மடித்து வைத்த ஒரு பெண்ணின் கம்பளிச் சட்டை. காய்ச்சல் குளிசை ஒரு அட்டை. ஒரு சிறிய மாதா படம். அதன் பின்புறத்தில் கையெழுத்து. அந்தப் பின்புறத்தைப் பிரதி எடுத்துக் கோப்பில் ஒட்டியிருந்தார்கள். அதற்கு அருகில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘அரபு? இந்தி? தெரியவில்லை.’

செலஸ்ரீனா குனிந்தாள். தன்னுடைய கையெழுத்தையே பார்த்தாள். ‘மடுத் தாயே, இவரைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. செலஸ்.’ கொழும்பில் விமானம் ஏறுவதற்கு முந்திய நாள் எழுதிக்கொடுத்தது. ஒன்பது வருஷமாக அவளுடைய பெயர் இந்த அலுமாரிக்குள், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாமல், படுத்துக் கிடந்திருக்கிறது.

“இது என்ன மொழி, மடாம்?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“தமிழ்” என்றாள். பிறகு பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, “இது நான் எழுதியது” என்றாள்.

அந்தப் பெண் பென்சிலை எடுத்து, பழைய எழுத்தை அழிக்காமல், அதற்குக் கீழே ‘தமிழ்’ என்று எழுதிக்கொண்டார்.

கல்லறை என்று தனியாக ஒன்று இல்லை. பெயர் தெரியாதவர்களைச் சில வருஷம் பொது நிலத்தில் வைத்திருந்து, பிறகு எலும்பை எடுத்துப் பொதுக் குழியில் சேர்ப்பது அங்கே வழக்கம். ஜோக்கிமைத் தொண்ணூற்றாறு மே மாதம் எடுத்திருந்தார்கள். பிரித்துத் தரமுடியாது என்று அந்தப் பெண் தலைகுனிந்து சொன்னார். அந்த மே மாதம் நான் எங்கே இருந்தேன் என்று செலஸ்ரீனா யோசித்தாள். பர்கண்டியில், சீஸ் தின்றுகொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் றோபேட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் இரவு ரயிலேறி மறுநாள் காலை வந்துவிட்டான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மலையுச்சியில் கல்லறைத் தோட்டமாக இருந்த சேமக்காலைக்கு மூவரும் ஏறிப்போனார்கள். சிஞ்ஞோரா வாசலிலேயே ஒரு கல்லில் இருந்துகொண்டார். பொதுக் குழிக்கு மேல் சுண்ணாம்பு பூசிய ஒரு சின்ன அறை, இரும்புக் கதவு, மேலே சிலுவை. கீழே கடல் மினுங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கதவில் றோபேட் கையை வைத்தான்.

“அண்ணி,” என்றான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். “உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை நான். சொன்னா உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிடும் எண்டு நினைச்சன். சில நேரம் கோவத்திலையும் சொல்லாமல் விட்டனான்.”

“சொல்லுங்கோ.”

“அவையள் மூண்டு பேரும் சொன்னவை. அண்ணா சும்மா திரும்பேல்லையாம். நடந்துகொண்டு போகேக்கை திடீரெண்டு நிண்டவராம். ‘செலஸ் கூப்பிடுறாள், கேக்குதோ?’ எண்டவராம். இவையளுக்கு ஒண்டும் கேக்கேல்லை. ‘இல்லை, கூப்பிடுறாள்’ எண்டு திரும்பிட்டாராம்.”

செலஸ்ரீனா சுவரில் சாய்ந்தாள். அந்தக் கிழவி வீட்டில், காய்ச்சல் சற்று விட்ட நாளில், கிழவி கைச்சாடையால் கேட்டது அவளுக்கு நினைவில் இருந்தது. ஜோக்கி யார்? முதல் நாள் முழுக்க ஜோக்கி, ஜோக்கி என்று கத்தினாயே. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அந்த வீட்டுக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. மனிதக் குரல் அவ்வளவு தூரம் போகாது.

“கூப்பிட்டனான், தம்பி” என்றாள். “போகச் சொன்னதும் நான்தான். பிறகு கூப்பிட்டதும் நான்தான்.”

றோபேட் அவளுடைய கையைப் பிடித்துக் கதவில், தன் கைக்குப் பக்கத்தில், வைத்தான். இரும்பு வெயிலில் சுட்டது. இருவரும் ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொன்னார்கள். நடுவில் றோபேட் நிறுத்திவிட்டான். அவள் தனியாக முடித்தாள்.

இறங்கும்போது சிஞ்ஞோரா வாசலில் எழும்பி நின்று றோபேட்டுக்குக் கை கொடுத்தார். அவனுடைய முகத்துக்குப் பக்கத்தில் பார்த்தபடி, “உங்கள் அண்ணாவின் பெயரை இந்தப் புத்தகத்தில் எழுதுவிக்கும்வரை நான் இந்த ஊரை விடமாட்டேன்” என்றார். நாலு நாள் என்று வந்தவர்கள் மூன்று கிழமை தங்கினார்கள். நீதிமன்றக் கடதாசி, மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி. அரசாங்கக் கந்தோர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டிய இரண்டு பெண்கள், ஒரு பெயருக்காக, ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மேசைக்கு முன்னாலும் போய் நின்றார்கள். எலுமிச்சைத் தோட்டம் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஜோக்கிமின் மரணப் பத்திரம் அடுத்த பெப்ரவரியில் பலெர்மோவுக்கு வந்தது. அதைக் கொண்டுபோய், வெளிநாட்டவர் பதிவு செய்யும் குவெஸ்தூரா அலுவலகத்தில் காட்டினாள். யன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞன் தட்டச்சில் ஒரு சொல்லை மாற்றவேண்டியிருந்தது.

“எப்போதிருந்து விதவை, சிஞ்ஞோரா?”

“எண்பத்தொன்பதிலிருந்து.”

“இப்போதுதான் அறிவிக்கிறீர்களா?”

“ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

இறந்தோர் பூசை ஒன்று கொடுத்தாள். அருளம்பலமும் வந்து கடைசி வாங்கில் நின்றான். எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். வெளியே வந்து, “அக்கா, அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது” என்றான். “கேட்டது சரிதான், அப்பன்” என்றாள். “நான் சொன்னதும் சரிதான். ரெண்டும் சரியாயிருந்தா மனுசர் என்ன செய்யிறது எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.” சந்தை வரைக்கும் ஒன்றாக நடந்து போனார்கள்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் சிஞ்ஞோராவும் அவளும் மறுபடி பிரான்சுக்குப் போனார்கள். பிரித்தானி என்ற வடமேற்குக் கரை. கல் வீடுகள், சாம்பல் நிறக் கடல், மீனவர் கோவில்களில் கூரையிலிருந்து தொங்கும் சின்னச் சின்ன மரக் கப்பல்கள். ஒரு கடலோரக் கடையில் வெளியே போட்ட மேசையில் இருந்தார்கள். காற்று வீசியது. செலஸ்ரீனா கொஞ்ச நேரமாகத் தலையைச் சரித்து எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தாள்.

“என்ன?” என்றார் சிஞ்ஞோரா.

“அவருடைய குரல் வருவதில்லை. மொந்தோனுக்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.”

ஒன்பது வருஷம் தொல்லையாக இருந்தது போனால் நிம்மதி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். இது நிம்மதி மாதிரி இல்லை. வீட்டில் எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போனபிறகு வெறும் அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

“என்னுடையவருடைய குரல் மூன்றாம் வருஷமே போய்விட்டது” என்றார் சிஞ்ஞோரா. “இருமல் மட்டும் நினைவிருக்கிறது.”

பணிப்பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். செலஸ்ரீனா பட்டியலைப் பிரெஞ்சில் வாசித்து, ஒவ்வொன்றும் என்னவென்று சிஞ்ஞோராவுக்குச் சொல்லி, இரண்டு பேருக்கும் மட்டி அவியலும் வெண்ணெய் தடவிய பாணும் கொண்டுவரச் சொன்னாள்.